ஆளுக்கு ஒரு வெள்ளி: சாரங்கபாணி வென்ற போராட்டமும் அதன் பலன் போய்ச் சேர்ந்த இடமும்

சிங்கப்பூரில் ஏப்ரல் மாதம் தமிழ்மொழி விழா நடக்கும்போது கோ. சாரங்கபாணியின் பெயர் ஏதாவது ஒரு மேடையில் கட்டாயம் வந்துவிடும். தமிழவேள், தமிழ் முரசை நிறுவியவர், தமிழர் திருநாளைத் தொடங்கியவர், மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வாங்கித் தந்தவர் என்று வரிசையாகச் சொல்வார்கள். அப்புறம் கைதட்டல். மேடைக்கு அது போதும். ஆனால் அந்தக் கடைசி விஷயத்தை மட்டும் தனியே எடுத்து, யார் என்ன கேட்டார்கள், எதிர்ப்பக்கம் என்ன இருந்தது, பணம் யார் கையிலிருந்து வந்தது, கடைசியில் யாருக்குப் பயன்பட்டது என்று பார்த்தால் மேடையில் கேட்கும் கதையிலிருந்து அது கொஞ்சம் விலகித்தான் நிற்கிறது.

1953 முதல் 1959 வரை நடந்த அந்த விவகாரம்தான் இந்த ஆய்வின் மையம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாரங்கபாணியை விட நன்றாக எழுதியவர்களும் பேசியவர்களும் அந்தக் காலத்தில் இருந்தார்கள். அவரிடம் இருந்த அபூர்வமான திறமை வேறு: வாசகனிடம் அவனால் செய்யக்கூடிய சின்னக் காரியம் ஒன்றைக் கேட்பார், கேட்டதைச் செய்யவும் வைத்துவிடுவார். பல்கலைக்கழக விவகாரம் அந்தத் திறமைக்கு நல்ல சான்று. ஆனால் சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு அதனால் நேரடியாகக் கிடைத்தது குறைவு. அதிகம் கிடைத்தது, அவ்வளவாக யாரும் பேசாத மாணவர் பக்கம் ஒன்றிலிருந்து.

கணக்கு எழுத வந்தவர்

சாரங்கபாணி 1903 ஏப்ரல் 19 அன்று திருவாரூரில் பிறந்தார். 1924-இல், 21 வயதில், சிங்கப்பூர் வந்தார். தோட்டத்துக்கோ துறைமுகத்துக்கோ ஆள்பிடித்து அழைத்து வரப்பட்டவர் இல்லை. தமிழும் ஆங்கிலமும் படித்தவர். வந்ததும் கிடைத்தது கணக்கு எழுதும் வேலை. பேரேட்டில் பற்று, வரவு எழுதிப் பழகிய கை அது. அவருடைய பிற்கால வேலைகளைப் பார்க்கும்போது இந்தத் தகவலை நான் சும்மா தாண்டிப் போவதில்லை. அவர் நடத்திய இயக்கங்கள் எல்லாவற்றிலும் ஒரு கணக்கப்பிள்ளையின் புத்தி தெரிகிறது.

அவர் காலூன்றிய சில ஆண்டுகளில் சிங்கப்பூர்த் தமிழர் நடுவே காற்று மாறத் தொடங்கியது. 1929-இல் முன்னேற்றம் என்ற வார இதழ் வந்தது. சாரங்கபாணி அதன் ஆசிரியர் குழுவில் பணியாற்றினார். அதே ஆண்டு இறுதியில் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார். சாதி வேண்டாம், விதவை மறுமணம் வேண்டும், புரோகிதர் இல்லாமலும் கல்யாணம் நடக்கும் என்ற பேச்சு, ஊரை விட்டு வந்தும் ஊர்ச்சாதியை விடாமல் கொண்டுவந்திருந்த கூட்டத்தின் காதில் விழுந்தது. 1932-இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் அமைந்தது. அந்தச் சங்கத்தின் குரலாகத்தான் 1935 ஜூலை 6 அன்று தமிழ் முரசு வெளிவந்தது. வார இதழ், விலை 1 காசு.

இதற்கு முன்பும் சிங்கப்பூரில் தமிழ்ப் பத்திரிகைகள் வந்ததுண்டு. 1887-இல் மகுதூம் சாயபு தொடங்கிய சிங்கைநேசன் அவற்றில் பேர் பெற்றது. அதுவும் 1890-க்கு மேல் ஓடவில்லை. எழுத ஆள் இருந்தது, அச்சுக்கூடம் இருந்தது. காசு கொடுத்து வாங்கிப் படிக்கிற கூட்டம்தான் சிறியது. சாரங்கபாணி பிடித்த வழி, படிக்கத் தெரிந்தவனை மட்டும் எண்ணாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறவனையும் சேர்த்து எண்ணியது. 1 காசு விலை வைத்ததன் பொருளை நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, யீஷூனில் எங்கள் புளோக்கில் இருந்த பெரியவர் ஒருவர் இதை அழகாகச் சொல்வார். வேலை முடிந்து குளித்துவிட்டு வந்தால், லயத்து (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) வாசலில் விளக்கடியில் ஒருவர் முரசை விரித்து வைத்துக்கொண்டு உரக்கப் படிப்பாராம். சுற்றிலும் பத்துப் பேர் குந்தியிருப்பார்களாம். படிக்கிறவர் அவசரப்பட்டு ஒரு பத்தியைத் தாவினால், "அண்ணே, நடுவுல என்னமோ விட்டுட்டீங்க" என்று எழுத்தே தெரியாத ஒருவர் பிடித்துவிடுவாராம்.

இதழ் சில மாதங்களில் வாரம் மூன்று முறை வரத் தொடங்கியது. சங்கத்தால் சுமக்க முடியாத நிலை வந்தபோது சாரங்கபாணி தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். 1937-இல் நாளிதழானது. ஜப்பானியர் காலத்தில் நின்று, போருக்குப் பிறகு மறுபடி வந்தது.

இடையில் அவருடைய வீட்டைப் பற்றி ஒரு சொல். அவர் மணந்தது லிம் பூன் நியோ என்ற பெரனாக்கான் சீனப் பெண்ணை. தமிழ் எங்கள் உயிர் என்று ஊரைத் திரட்டிய மனிதர் வீட்டில் நடந்தது கலப்பு மணம். தமிழ்ப் பற்று என்றால் வேலி போடுவது என்று நினைக்கிறவர்களுக்கு இதை நினைவுபடுத்துவதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் உண்டு.

இங்கேயா, ஊரிலா?

1950-களின் தொடக்கத்தில் மலாயா, சிங்கப்பூர்த் தமிழர் முன்னால் இருந்த பெரிய கேள்வி மொழி பற்றியது இல்லை. இருப்பு பற்றியது. அதுவரை பெரும்பாலான ஆண்களுக்குச் சிங்கப்பூர் சம்பாதிக்கும் இடம், ஊர் வாழும் இடம். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ரஜுலா கப்பலில் நாகப்பட்டினம் போய், கல்யாணமோ காதுகுத்தோ முடித்துவிட்டுத் திரும்புவார்கள். 1938-இல் உடலுழைப்புத் தொழிலாளர்கள் மலாயாவுக்கு வருவதை இந்திய அரசு நிறுத்தியது. 1953-இல் இங்கே புதிய குடிநுழைவுச் சட்டம் நடப்புக்கு வந்து கதவு இன்னும் இறுகியது. இனி வந்து போய்க்கொண்டிருக்க முடியாது. இங்கே இருப்பதா, ஊரோடு போய்ச் சேர்வதா என்று முடிவு செய்தாக வேண்டும்.

சாரங்கபாணியின் பதில் தெளிவானது: இங்கேயே இரு, குடியுரிமை எடு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு. தமிழ் முரசு அதைத் திரும்பத் திரும்ப எழுதியது. எழுதினால் மட்டும் வேலை நடக்காது என்பது அவருக்குத் தெரியும். குடியுரிமை விண்ணப்பம் என்றால் பாரம் (படிவம்), சாட்சி, கைநாட்டு, பிறந்த தேதி தெரியாத சிக்கல் எல்லாம் உண்டு. கையெழுத்துப் போடத் தெரியாதவனுக்கு ஒரு அலுவலகத்தின் வாசற்படி மலை மாதிரி. அதனால் பாரம் நிரப்பிக் கொடுக்க ஆள் ஏற்பாடு செய்து, மக்கள் இருக்கும் இடத்துக்கே போகும் வேலையாக அதை மாற்றினார்கள். 1957-இல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே இந்தப் பிரச்சாரத்தைக் கேட்டுப் பழகிய ஒரு கூட்டம் தயாராக இருந்தது.

1951-இல் தமிழர் பிரதிநிதித்துவ சபை, 1952 ஜனவரியில் முதல் தமிழர் திருநாள். பொங்கலை எடுத்து அதைத் தமிழர் திருநாளாக்கியதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. தீபாவளி என்றால் முஸ்லிமும் கிறிஸ்தவரும் விலகி நிற்பார்கள். சீர்திருத்தக்காரர்களுக்கும் அது ஆகாது. பொங்கலில் சூரியனும் நெல்லும் மாடும்தான். கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்களும், யாழ்ப்பாணத்தாரும், தஞ்சாவூர், இராமநாதபுரம் ஆட்களும், ஆதிதிராவிடரும் ஒரே பந்தலில் உட்கார வேண்டுமானால் இதைவிட வசதியான நாள் கிடைக்காது. சிங்கப்பூரில் நெல் வயல் இல்லையே என்று கேட்கலாம். ரொட்டியும் கோப்பியும் குடிக்கிற ஆளுக்கும் பொங்கல் பொங்கல்தான்.

பல்கலைக்கழகத்தின் கதவருகே

மலாயாப் பல்கலைக்கழகம் 1949-இல் சிங்கப்பூரில் தொடங்கியது. புக்கிட் தீமா வளாகம்; இரண்டு நாடுகளுக்கும் சேர்த்து ஒரே பல்கலைக்கழகம். 1953-இல் சீனவியல் துறையும் மலாய்த் துறையும் வந்தன. இந்தியருக்கும் ஒரு துறை வேண்டும் என்பதில் யாருக்கும் பெரிய தடையில்லை. சண்டை வந்தது, அந்தத் துறைக்குள் எந்த மொழி உட்காருவது என்பதில்.

ஆலோசனை சொல்ல அழைக்கப்பட்டவர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி. கல்லிடைக்குறிச்சிக்காரர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர், சோழர் வரலாற்றை எழுதியவர். ராஜேந்திர சோழன் கடாரத்துக்குக் கப்பல் அனுப்பிய செய்தியை நவீன வரலாற்று முறையில் விரிவாக ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர். ஸ்ரீவிஜயத்தைப் பற்றியே தனி நூல் எழுதியவர். மலாயாவுக்கும் தமிழுக்கும் ஆயிரம் வருட உறவு உண்டு என்று சொல்ல அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கஷ்டம். ஆனால் இந்தியவியல் துறையில் சமஸ்கிருதத்துக்கு முதலிடம் தருவதே அவருடைய பரிந்துரையாக இருந்தது. தமிழ் பின்னுக்குப் போனது.

அவரை வில்லனாக்கிவிடுவது எளிது. பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அக்கால இந்தியவியல் என்றால் உலகப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றிலும் சமஸ்கிருதம்தான் தலைவாசல். அவர் தம் துறையின் வழக்கத்தை இங்கே கொண்டுவந்து வைத்தார். தென்கிழக்காசியக் கல்வெட்டுகளைப் படிக்க சமஸ்கிருதம் வேண்டும் என்பதும் உண்மைதான். அவர் பார்வையில் பல்கலைக்கழகம் ஆய்வாளர்களுக்கானது. சாரங்கபாணியின் பார்வையில் அது இந்த நாட்டில் வாழும் மக்களின் பிள்ளைகளுக்கானது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர். பள்ளிகளில் நடந்த இந்திய மொழி வகுப்புகளில் பெரும்பங்கு தமிழ் வகுப்புகள். அந்தப் பள்ளிக்கு வாத்தியார் வேண்டும், வாத்தியாருக்குப் பட்டம் வேண்டும், பட்டத்துக்குத் துறை வேண்டும். இந்தச் சங்கிலியில் சமஸ்கிருதம் எங்கே வருகிறது?

தமிழ்நாட்டில் அதே ஆண்டுகளில் தமிழா சமஸ்கிருதமா, பிராமணரா பிராமணரல்லாதாரா என்ற சண்டை கொதித்துக்கொண்டிருந்தது. சாரங்கபாணி சுயமரியாதைக்காரர். அந்தச் சண்டையை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய அவருக்கு எல்லா வசதியும் இருந்தது. முரசின் பக்கங்களில் அந்தச் சூடு இல்லாமலும் இல்லை. ஆனால் அவர் கடைசியில் கையில் எடுத்த ஆயுதம் வேறு. நூலகம்.

உயிருக்கு விலை ஒரு வெள்ளி

இந்த விவகாரத்தில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். கண்டனக் கூட்டம், தீர்மானம், தூதுக்குழு எல்லாம் நடந்தன. அவற்றை எந்தச் சங்கமும் நடத்தும். பல்கலைக்கழகம் ஒரு துறையைத் தொடங்கத் தயங்கும்போது சொல்லும் முதல் காரணங்களில் ஒன்று, அந்தத் துறைக்கு வேண்டிய புத்தகம் இல்லை என்பது. அந்தக் காரணத்தையே இல்லாமல் செய்துவிடலாம் என்று முடிவானது. தமிழ் நூலகத்துக்கு நிதி திரட்டும் இயக்கம் பிறந்தது. அதன் பெயர் 'தமிழ் எங்கள் உயிர்'. கேட்டது ஆளுக்கு ஒரு வெள்ளி, அதாவது ஒரு டாலர்.

ஏன் ஒரு வெள்ளி? செட்டியார்களையும் ஜவுளிக்கடை முதலாளிகளையும் பார்த்து ஆளுக்கு ஆயிரம் வாங்கியிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். அப்படி வாங்கியிருந்தால் அது பத்து முதலாளிகளின் நூலகமாகியிருக்கும். பல்கலைக்கழகம் பத்து முதலாளிகளுக்கு மரியாதையாக ஒரு நன்றிக் கடிதம் எழுதியிருக்கும். ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் ஒரு வெள்ளி கொடுத்தால் அது நன்கொடையோடு நிற்பதில்லை, மனுவாகவும் ஆகிவிடுகிறது. கையெழுத்துப் போடத் தெரியாதவனும் அதில் கையெழுத்துப் போட்டுவிடுகிறான். நாள்கூலிக்காரனுக்கு ஒரு வெள்ளி சும்மா வரும் காசும் இல்லை. அதைக் கொடுத்தவன் அந்தத் துறை வந்ததா இல்லையா என்று கேட்பான். அடுத்த நாள் முரசை வாங்கிப் பார்ப்பான், அல்லது படிக்கிறவர் பக்கத்தில் போய் உட்காருவான்.

இது சாரங்கபாணி காற்றிலிருந்து பிடித்த யோசனையும் இல்லை. அதே காலத்தில் பக்கத்திலேயே சீன சமூகம் நன்யாங் பல்கலைக்கழகத்துக்குப் பணம் திரட்டிக்கொண்டிருந்தது. 1953-இல் சீன வணிகர் டான் லார்க் சை அழைப்பு விடுத்தார். 1954-இல் திரிஷா (மூன்று சக்கர மிதிவண்டி) ஓட்டிகள் ஒரு நாள் வருமானத்தை அப்படியே கொடுத்தார்கள். ஊரே அதைப் பார்த்தது. சீனர்கள் தங்களுக்கென்று ஒரு பல்கலைக்கழகமே கட்டினார்கள். தமிழர் எண்ணிக்கை அதற்கு இடம் தராது. 1957 கணக்கெடுப்பில் சிங்கப்பூரில் இந்தியர் எல்லாரும் சேர்ந்தே 9 விழுக்காட்டுக்குப் பக்கத்தில்தான். இருக்கிற பல்கலைக்கழகத்துக்குள் ஓர் அறையைப் பிடிப்பது, அந்த அறையில் நம் புத்தகத்தை அடுக்குவது, அதுதான் கைக்கு எட்டும் தூரம். தன் கூட்டத்தின் அளவு தெரிந்து கேட்டார். கணக்கு எழுதிய கை என்று முன்பு சொன்னேனே, அது இங்கே தெரிகிறது.

பணம் சிங்கப்பூரில் மட்டும் வரவில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்தும் வந்தது. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் ஆட்கள், தங்கள் பிள்ளைகள் தோட்டப் பள்ளியைத் தாண்டிப் போவார்களா என்பதே நிச்சயமில்லாத காலத்தில், பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுத்தார்கள். தோட்டப் பள்ளி ஆசிரியர்கள் இதில் பெரிய பாலமாக இருந்தார்கள். ஒரு பத்திரிகை, ஆசிரியர்கள், சங்கங்கள் என்று மூன்றும் ஒரே திசையில் இழுத்ததால்தான் வண்டி நகர்ந்தது. சாரங்கபாணி தனியாளாக இதைச் செய்தார் என்று சொல்வது அவருக்கே பொருந்தாது.

1956-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை தொடங்கியது. தமிழ் அதன் முக்கிய மொழியானது.

பலன் எந்தப் பக்கம் போனது?

மேடைக் கதை இங்கே முடிந்துவிடும். ஆனால் மூன்றே ஆண்டுகளில், 1959-இல், இந்தியவியல் துறை கோலாலம்பூர் வளாகத்துக்கு மாறிப்போனது. மலாயா 1957-இல் சுதந்திரம் பெற்றுவிட்டது. தோட்டங்களும் தமிழ்ப் பள்ளிகளும் தமிழர் தொகையும் அந்தப் பக்கம்தான் அதிகம். ஒரே பல்கலைக்கழகம் இரண்டு வளாகங்களாகப் பிரியும்போது துறை அங்கே போனது இயல்பே.

அங்கே அது செழித்தது. 1961-இல் தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் துறைத் தலைவராக வந்தார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. தமிழ்நாட்டுக்கு வெளியே, கடல் தாண்டிய ஒரு தலைநகரில் முதல் மாநாடு நடந்ததற்கு அந்தத் துறை இருந்தது முக்கியக் காரணம். அதன் பிறகு தலைமுறை தலைமுறையாக மலேசியத் தமிழ் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் அங்கிருந்து வந்தார்கள்.

சிங்கப்பூரில்? 1956-இல் அனைத்துக் கட்சிக் குழு அறிக்கை நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்தச் சொன்னது. 1965-இல் தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றாகச் சட்டத்தில் நின்றது. எம்ஆர்டி ரயில் நிலையத்தில் பெயர்ப்பலகை முதல் வெள்ளி நோட்டு வரை தமிழ் இருக்கிறது. ஆனால் தமிழில் பட்டம் வாங்க வேண்டும் என்றால் ஒரு சிங்கப்பூர்ப் பிள்ளை கோலாலம்பூருக்கோ தமிழ்நாட்டுக்கோதான் போக வேண்டியிருந்தது. அல்லது வேலை பார்த்துக்கொண்டே இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் அஞ்சல் வழியில் படிக்க வேண்டும். உள்ளூரிலேயே தமிழ்ப் பட்டப்படிப்பு என்று ஒன்று வந்தது 2006-இல், இன்று சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் எனப்படும் யூனிசிம் அதைத் தொடங்கியபோது. துறை போன 1959-க்கும் அதற்கும் நடுவே 47 ஆண்டுகள்.

ஆகவே சிங்கப்பூர் மேடைகளில் நாம் கைதட்டும் அந்த வெற்றி பெருமளவுக்கு மலேசியாவின் வெற்றி. இதில் குறை சொல்ல எதுவுமில்லை. 1953-இல் ஜோகூர்ப் பாலத்தின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. தமிழ் முரசே இரண்டு பக்கமும் படிக்கப்பட்ட பத்திரிகை. இரண்டு நாடாகும் என்று தெரிந்து யாரும் நன்கொடை வாங்கவில்லை. ஆனால் இப்போது எழுதும்போதாவது அதைத் தெளிவாக எழுதலாம்.

மாணவர் மணிமன்றம்

சிங்கப்பூருக்கு என்று தங்கியது எது என்று தேடினால், 1950-களின் தொடக்கத்தில் தமிழ் முரசு மாணவர்களுக்காக ஆரம்பித்த மாணவர் மணிமன்றம் கண்ணில் படுகிறது. முதலில் அது பத்திரிகையில் ஒரு பகுதி. பிள்ளைகள் கவிதை, கட்டுரை, கதை அனுப்புவார்கள். பெயரோடும் பள்ளியின் பெயரோடும் வெளிவரும். பிறகு அதுவே கூட்டங்கள் நடத்தும் மன்றமாகவும் வளர்ந்தது.

இதன் மதிப்பு புரிய, அந்தப் பிள்ளைகள் யார் என்று பார்க்க வேண்டும். கடற்படைத்தள ஊழியர்களின் பிள்ளைகள், நகராட்சிக் கோட்டர்ஸ் பிள்ளைகள், தஞ்சோங் பகார்த் துறைமுக லயத்துப் பிள்ளைகள். வீட்டில் அப்பாவுக்கு எழுதத் தெரியாது. தமிழ்ப் பள்ளிகள் சிறியவை, பெரும்பாலும் தொடக்கப்பள்ளியோடு முடிந்துவிடும். தஞ்சோங் பகாரில் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946-இல் நிறுவிய உமறுப் புலவர் பள்ளியில் உயர்நிலை வகுப்புகள் வந்ததே 1960 வாக்கில்தான். அதுவரைக்கும் 13 வயதில் தமிழ் முடிந்துவிடும் ஒரு பையனுக்கு, தன் பெயர் அச்சில் வரும் ஓர் இடம் கிடைத்தது. அவன் பெயர் வந்த இதழை லயத்தில் உரக்கப் படித்தால், அவன் அப்பன் அன்று இரவு எப்படி நடந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

பிறகு வந்த ஆண்டுகளில் சிங்கப்பூரின் தமிழ் ஆசிரியர்கள், வானொலிக்காரர்கள், பத்திரிகையாளர்கள், கவிஞர்கள் என்று பலர் இந்த மன்றத்தில் எழுதிப் பழகி வந்தவர்களே. பட்டம் தரும் துறை உள்ளூரில் இல்லாத அந்த நீண்ட இடைவெளியில், எழுதத் தெரிந்த ஆட்களை உருவாக்கிக் கொடுத்த பட்டறை இது. பல்கலைக்கழகத்துக்குக் கேட்டது ஒரு வெள்ளி; இங்கே கேட்டது ஒரு பக்கம் எழுத்து. முறை அதே முறைதான். செலவு இன்னும் குறைவு, பலன் இங்கேயே தங்கியது.

ஓடாதவை

அவர் கை வைத்ததெல்லாம் ஓடவில்லை. 1946-இல் ஆங்கிலம் படித்த இந்தியருக்காக இந்தியன் டெய்லி மெயில் என்ற நாளிதழைத் தொடங்கினார். பத்தாண்டு இழுத்துப் பிடித்து 1956-இல் மூட வேண்டியதாயிற்று. ஆங்கிலம் படிக்கிறவருக்கு வேறு பத்திரிகை இருந்தது. தமிழ் முரசுக்கு வாசகன் பக்கத்தில் ஆள் உட்கார்ந்து கேட்டது போல அதற்கு யாரும் உட்காரவில்லை.

பெரிய அடி 1963-இல். தமிழ் முரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏறத்தாழ ஓராண்டு பத்திரிகை வரவில்லை. அந்த இடைவெளியில், 1964-இல், தமிழ் மலர் என்ற நாளிதழ் சிங்கப்பூரில் தோன்றியது. தொழிலாளியின் ஒரு வெள்ளியை வாங்கி நூலகத்துக்கு வழி செய்த பத்திரிகை, தன் அச்சுக்கூடத் தொழிலாளியோடு உடன்பாட்டுக்கு வர முடியாமல் நின்றது. சாரங்கபாணியைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த ஆண்டை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு இது அவருடைய முறையில் இருந்த விரிசலைக் காட்டும் ஆண்டு. பத்திரிகை, சபை, திருநாள், நிதி, மாணவர் மன்றம் எல்லாம் ஒரே மனிதரின் தோளில் இருந்தன. பத்திரிகை நின்ற அன்றைக்கு மற்ற எல்லாவற்றுக்கும் குரல் நின்றுபோனது. சபைக்கென்று தனிக் கருவூலமோ, மன்றத்துக்கென்று தனி இதழோ இருந்திருந்தால் அந்த ஓராண்டு வேறு மாதிரி போயிருக்கும். லாபமில்லாத பத்திரிகையில் சம்பளம் எப்போதும் பின்னால்தான் நிற்கும் என்பதையும் ஊழியர்கள் பக்கம் நின்று சொல்ல வேண்டும்.

முரசு திரும்ப வந்தது. சாரங்கபாணி 1974 மார்ச் 16 அன்று காலமானார். அதன் பிறகு குடும்பத்தார் நடத்தினார்கள். 1995-இல் அது சிங்கப்பூர் பிரஸ் ஹோல்டிங்ஸ் கைக்குப் போனது. இன்றும் அதில் மாணவர்களுக்கென்று ஒரு பகுதி வருகிறது, மாணவர் முரசு என்ற பெயரில்.

இந்த ஆய்வில் செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. தேசிய நூலக வாரியத்தின் இணையத் தொகுப்பில் பழைய தமிழ் முரசு இதழ்களைப் பார்க்கலாம். 1950-களின் மாணவர் மணிமன்றப் பக்கங்களில் வந்த பெயர்களையும் பள்ளிகளையும் ஒருவர் பொறுமையாகத் தொகுத்து, அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் பிற்பாடு ஆசிரியரானார்கள், எத்தனை பேர் எழுத்தாளரானார்கள், எத்தனை பேர் எழுதுவதையே விட்டார்கள் என்று பார்த்தால், நான் மேலே சொன்னது எவ்வளவு தூரம் சரி என்பது தெரிந்துவிடும். தமிழ்ப் பட்டப்படிப்பின் இறுதியாண்டு மாணவர் யாராவது இதை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பக்கங்களில் எழுதியவர்களில் உயிரோடு இருப்பவர்களுக்கு இப்போது எண்பதை ஒட்டிய வயது, ஆகையால் பேட்டிகளை முதலில் முடித்துவிட்டு நூலகத்துக்குப் போவது நல்லது.